பேனட் மேல் சாமைச் சோறு

ஊசிப் போய்விட்டது. மூடியைத் திறந்ததுமே நெடி முகத்தில் அடித்தது, இருந்தும் குனிந்து மோந்து பார்த்தேன், இன்னொரு தடவை மோந்தால் நல்ல வாசனை வந்துவிடும் என்ற நப்பாசையில். சாமைச் சோறு, அதற்கு மேல் என் வீட்டுக்காரி தவமணி பிரட்டி வைத்த பாசிப்பயறும் முருங்கைக்கீரையும். விரலால் எடுத்தால் நூல்நூலாக இழுக்கிறது. காலை ஆறு மணிக்கு ஆக்கியது, இப்போது மணி மூன்றே முக்கால். மதுரையில் பத்து மணிக்கு வண்டியை எடுத்ததிலிருந்து இந்த டப்பா எனக்குப் பக்கத்தில், எஞ்சினை மூடியிருக்கும் பேனட்டின் மேல்தான் இருந்தது. வேறு எங்கே வைப்பேன்? தண்ணீர் பாட்டில் வைக்கவே டிரைவருக்கு இடம் கிடையாது, கம்பியில் சணல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பேனட் அடுப்பு மாதிரி கொதிக்கும் என்று எனக்குத் தெரியாதா, இருபத்தாறு வருஷ சர்வீஸ், சாக்கை நாலாக மடித்துப் போட்டுத்தான் வைத்தேன், சாக்கையும் தாண்டிச் சூடு ஏறியிருக்கிறது. ஐம்பத்திரண்டு பேர் தபதபவென்று இறங்கி மோட்டலுக்குள் போய்விட்டார்கள். "சோலையண்ணே, எறங்கலையா? இருவது நிமிசந்தான் சொல்லிருக்கேன்" என்று எபினேசர் படிக்கட்டில் நின்று கேட்டான். ஆறு வருஷமாக என் கண்டக்டர், என் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் புரிந்துகொள்வான். டப்பாவை எட்டிப் பார்த்தான். "போச்சாண்ணே?" "போச்சு." "அட ஆண்டவரே. நாளைக்குத்தான டெஸ்ட்டு?" என்றான். நாளைக்குத்தான். நாளைக் காலை எட்டு மணி, சென்னை டிப்போ, வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். நாற்பத்தைந்து நாளைக்கு முன் எடுத்ததில் சர்க்கரை எக்கச்சக்கம். பெரிய டாக்டர் ஃபைலை மூடிக்கொண்டே சொன்னார், இன்னொரு தடவை பார்ப்பேன், இறங்கவில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று. அன்றிலிருந்து பரோட்டா தொடவில்லை, டீக்குச் சர்க்கரை இல்லை, கல்யாண வீட்டில் கேசரியை இலையோடு மடித்துவிட்டு எழுந்தேன். நாற்பத்தைந்து நாள் ஒழுங்காக இருந்தவனுக்கு நாற்பத்தைந்தாவது நாள் மத்தியானம் இந்த டப்பா. கை நடுங்குகிறது. கோபத்தில் இல்லை. காலையில் போட்ட மாத்திரை உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அது வேலை செய்ய வயிற்றில் சோறு இல்லை, சர்க்கரை ஒரேயடியாகக் கீழே இறங்குகிறது.

அப்போதே சாப்பிட்டிருக்கலாம் என்பார்கள். தவமணியே சொல்வாள், "இங்கேருங்க, லாரி கவுந்து ரோடு அடைச்சுக் கெடந்துச்சே, அப்ப வாயில போட்டுருக்க வேண்டியதுதான?" துவரங்குறிச்சி தாண்டி லாரி கவிழ்ந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம், உண்மைதான். நின்றோம் என்றால் நிம்மதியாகவா நின்றோம், முன் வண்டி ஒரு முழம் நகரும், நானும் ஒரு முழம் நகர்வேன், கிளட்சிலிருந்து காலை எடுக்க முடியாது. எடுத்திருக்கலாம். ஒரு ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் அசையாமல்தான் கிடந்தது. டப்பாவின் மேல் கையைக்கூட வைத்தேன். வைத்ததும் போன வருஷம் ஞாபகம் வந்தது. போன ஆனி மாதம் இதே மாதிரி ஒரு நெரிசலில் ஒரு வடையைக் கடித்தேன், ஒரே ஒரு வடை, வண்டி நின்றுகொண்டிருக்கிறது, நியூட்ரலில் கிடக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவான் செல்போனில் படம் பிடித்து, டிரைவர் தின்றுகொண்டே வண்டி ஓட்டுகிறார், நம் உயிருக்கு உத்தரவாதம் உண்டா என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். மூன்றாம் நாள் எனக்கு மெமோ. அலட்சியமாக வாகனம் இயக்கியது. நியூட்ரலில் கிடந்த வண்டியை நான் எங்கே இயக்கினேன் என்று எழுதிக் கொடுத்தேன், யார் படித்தார்கள்? ஒரு இன்க்ரிமென்ட் போனது. ஆகவே கையை எடுத்துவிட்டேன். திருச்சியில் பத்து நிமிடம் உண்டு, வழக்கமாக அங்கேதான் சாப்பிடுவேன், ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதன் நிழலில் நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். இன்றைக்கு டைம்கீப்பர் தூரத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "லேட்டு லேட்டு, பின்னாடி ரெண்டு வண்டி நிக்குது, எடுய்யா எடு." டப்பா கையில் இருந்தது. அதைத் திரும்பப் பேனட்டில் வைத்துவிட்டு எடுத்தேன். டாக்டர் கொடுத்த தாளில் பதினொரு மணிக்கு மோர், நாலு மணிக்கு முளைகட்டிய பயறு, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை என்று அச்சடித்திருக்கிறது, பக்கத்திலேயே சிரிக்கிற ஆப்பிள் படம். அந்தத் தாளை எழுதிய மகராசன் யாரோ, ஒரு நாள் என்னோடு வரட்டும். பதினொரு மணிக்கு நான் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன்.

இறங்கினேன். இறங்கும்போது படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், வழக்கமாகப் பிடிக்க மாட்டேன். நியூ அருணோதயா, உயர்தர சைவ அசைவ உணவகம். உயர்தரம் விலையில் மட்டும்தான். வாசலில் ஒலிபெருக்கி கத்துகிறது, மூத்திர நெடியும் எண்ணெய் நெடியும் ஒன்றாக வருகிறது. நானா இந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன்? மேலே உட்கார்ந்து ஏலம் விட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் யாரோ. வண்டி இங்கேதான் நிற்க வேண்டும், நின்றதற்கு டிரிப் ஷீட்டில் மோட்டல்காரன் சீல் குத்த வேண்டும், சீல் இல்லாமல் போனால் அதற்கும் மெமோ. ஆனால் ஜனங்களுக்கு யார் தெரியும்? நான்தான் தெரியும். "டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஓசிச் சோறு, அதுக்குத்தான் இந்தச் சாக்கடையில கொண்டாந்து நிறுத்துறானுங்க" என்று எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொல்வார்கள். இறங்கின எல்லோரும் அதைத்தான் நினைக்கிறார்கள், சிலர் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஓசிச் சோறு உண்மை. அதுவும் எத்தனையோ வருஷத்து வழக்கம், வண்டி நிறுத்துகிற இரண்டு பேருக்குத் திரைக்குப் பின்னால் ஒரு அறையில் கேட்டதெல்லாம் கிடைக்கும். இருபத்தாறு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்து தின்றதுதான் இன்று என் ரத்தத்தில் ஓடுகிறது. கேட்டதெல்லாம் என்றால் எதை? இன்றைக்குப் போய்க் கேட்டேன். சப்ளையர் கையைத் துடைத்துக்கொண்டே ஒப்பித்தான். "சாப்பாடு ரெண்டரைக்கே முடிஞ்சிருச்சுங்கண்ணே. பரோட்டா இருக்கு, சிக்கன் ரைஸ் இருக்கு, நூடுல்ஸ் இருக்கு." ஆம்லெட் போடச் சொன்னேன். முட்டையெல்லாம் கொத்துப் பரோட்டாவுக்குப் போய்விட்டதாம், முட்டை வண்டி ஐந்து மணிக்குத்தான் வருமாம். வெளியே கடையில் சரம்சரமாகத் தொங்குகிறது, சிப்ஸ், முறுக்கு, கிரீம் பிஸ்கட், வருஷக்கணக்கில் கெடாத கேக். ஒரு பழம் இல்லை. இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது, கல்லாவில் முருகன் படத்துக்கு முன்னால் இரண்டு வாழைப்பழம், அதிலும் ஊதுபத்தி குத்தியிருக்கிறது. சாமிக்கு மட்டும் எதைக் கொடுக்க வேண்டும் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. பயணிகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ஒரு பெண் குழந்தைக்கு இட்லி கேட்கிறாள், இல்லை என்றதும் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுச் சிப்ஸ் பாக்கெட் வாங்குகிறாள். அவளைப் பார்த்து யாராவது நாளைக்குக் கேட்பார்கள், படித்த பெண்தானே, பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா என்று. வேறு என்னத்தைக் கொடுப்பாள், சொல்லுங்கள்.

முகம் கழுவப் பின்பக்கம் போனேன். பதினைந்து நிமிடம் இருக்கிறது. பின்பக்கம் தொட்டியருகே பரோட்டா மாஸ்டர் கோதண்டம் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விடியற்காலையிலிருந்து மாவு அடிக்கிறவன், முழங்கை வரைக்கும் மைதா காய்ந்து கிடக்கிறது. தட்டில் என்ன தெரியுமா, சோறு, பருப்பு போட்ட அரைக்கீரை, ஓரத்தில் ஒரு பச்சை வெங்காயம். எனக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்தவன் தட்டைப் பார்க்கக் கூடாது என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன். "ஏம்ப்பா கோதண்டம், நீ போடற பரோட்டாவ நீ திங்கறதில்லையா?" அவன் சிரித்தான். "வயிறு கேக்காதுங்கண்ணே. எங்க ஏழு பேருக்கும் தனியா ஒல வெச்சிருவோம்." "இதையே எங்களுக்கும் ரெண்டு கரண்டி ஊத்தினா என்னப்பா, உள்ள அத்தன பேரு நிக்கிறாங்களே." "கீர ஆய ரெண்டு ஆளு வேணுங்கண்ணே. ஆஞ்சு கடைஞ்சு வெச்சு அது விக்கலைன்னா சாயங்காலம் கொட்டணும். பரோட்டா அப்புடியா, உருண்ட புடிச்சு எண்ணெயில போட்டுட்டா நாள் பூராக் கெடக்கும், வண்டி வந்தாத் தட்டிக் கல்லுல போட்டாப் போதும். மொதலாளி எதைப் பாப்பாரு?" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவன் தட்டைப் பார்த்தான், கடைசி ஒரு கவளம்தான் கிடந்தது. "அய்யோ, சாப்புடலையாண்ணே? கேட்டிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே. இப்பத்தான் குண்டானக் கழுவப் போட்டாங்க." தொட்டிக்குள் குண்டான் கிடந்தது, விளிம்பில் கீரை ஒட்டிக்கொண்டு. பரவாயில்லைப்பா என்று முகத்தைக் கழுவினேன். நல்ல மனுஷன், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நெஞ்சு கொதிக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஏழு பேருக்குக் கீரை ஆய ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாளைக்கு நாற்பது வண்டி, ஆயிரக்கணக்கில் வயிறு, அதற்கு மட்டும் ஆள் இல்லை. டாக்டர் என்னிடம் பேசியது போல இந்த முதலாளியிடம் யாராவது பேசியிருக்கிறார்களா? ஏலம் விட்டவர்களிடம்? எல்லோருக்கும் அகப்பட்டது என் நாக்கு ஒன்றுதான்.

"வாயைக் கட்டுங்க சோலையப்பன்" என்றார் டாக்டர். என் வயசுகூட இருக்காது அவருக்கு. என்னவோ நான் நாள் முழுக்க எதைத் தின்னலாம் என்று அலைகிற மாதிரி. சாமை, வரகு சாப்பிடுங்கள் என்றார். ரேஷனில் அரிசி சும்மா போடுகிறார்கள், அதைத் தொடாதே என்கிறார். சாமையைக் கடையில் போய்க் கேட்டால் கண்ணாடி டப்பாவில் ரிப்பன் கட்டி வைத்திருக்கிறான். எப்படியோ வாங்கினோம். நான் மட்டும் அதைச் சாப்பிடுகிறேன், வீட்டில் மற்றவர்களுக்கு ரேஷன் அரிசி, எல்லோருக்கும் சாமை போடக் கட்டுப்படியாகாது. ஆகவே தவமணிக்கு இரண்டு உலை. அவளும் சும்மா இருக்கிறவளா, எட்டரை மணிக்கு அவள் தையல் கம்பெனி வேன் வந்துவிடும். அதற்குள் கல் பொறுக்கிச் சாமையை ஊற வைத்து, பயறு அவித்து, கீரை உருவி. முருங்கைக்கீரை உருவுவது லேசான வேலையா, நேற்று ராத்திரி டிவி பார்த்தபடியே உருவி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். இன்று காலையில் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, "இன்னைக்கு ஒரு நா மட்டும் ஒழுங்கா இருந்துருங்க, நாளைக்கு ரிப்போர்ட்டு நல்லா வந்துரும்" என்றாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வேன்? கெட்டுப் போச்சு என்றால் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவாள், வேக்காடு பத்தலையோ, சூடு ஆறுவதற்குள் மூடிவிட்டேனோ என்று. இல்லை தாயி, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நல்ல சோறு எல்லாமே இப்படித்தான், அதற்கு நிழல் வேண்டும், நேரம் வேண்டும், உட்கார ஒரு இடம் வேண்டும். இந்த பேனட்டில் இருபத்தாறு வருஷமாக எத்தனை சிப்ஸ் பாக்கெட், எத்தனை பரோட்டாப் பொட்டலம் வைத்திருப்பேன், ஒன்றுகூட ஊசிப் போனதில்லை. நினைக்கும்போது கண் இருட்டுகிறது. இல்லை, நிஜமாகவே இருட்டுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். காதோரம் வேர்த்து ஒழுகுகிறது. பத்து நிமிடம்.

பரஞ்சோதி ஞாபகம் வருகிறது, வரக் கூடாது என்று நினைத்தேன். எனக்கு வண்டி பழக்கிக் கொடுத்தவர், மலைப்பாதையில் ஒற்றைக் கையால் ஒடித்துத் திருப்புவார். சர்க்கரை என்று இறக்கினார்கள். இப்போது டிப்போ கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வருகிற வண்டி நம்பரை நோட்டில் எழுதுகிறார். நான் உள்ளே திருப்பும்போது தலையை நிமிர்த்த மாட்டார், நம்பர் பிளேட்டை மட்டும் பார்ப்பார். பேட்டா கிடையாது, கலெக்‌ஷன் படி கிடையாது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஸ்டூலை என்னால் பொறுக்க முடியாது. நாளைக்குச் சர்க்கரை ஏறியிருந்தால் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல். இப்போது பரோட்டாவைத் தின்றுவிட்டு இரவு சென்னை ரெஸ்ட் ரூமில் பட்டினி கிடந்தால் காலைக்குள் இறங்கிவிடுமா? இறங்காது. என் உடம்பு எனக்குத் தெரியும், ஒரு பரோட்டா தின்றால் மறுநாள் காலை வரைக்கும் மேலேயே நிற்கும், வீட்டில் விரலில் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறேன். சரி, தின்னாமல் போகிறேன். இன்னும் நாலு மணி நேரம்தான், சென்னை போய்விடலாம். டோல்கேட்டில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு இங்கே வரைக்கும் வந்தேன் இல்லையா, இன்னும் இரண்டு மிட்டாய் பையில் கிடக்கிறது. டோல்கேட். அதை யாரிடமும் சொல்லவில்லை. எபினேசர் டிக்கெட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனும் கவனிக்கவில்லை. டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு கார் பிரேக் போட்டது, எனக்குச் சிவப்பு விளக்கு தெரிந்தது, நன்றாகத் தெரிந்தது, ஆனால் அது என்ன விஷயம் என்பது உடனே மண்டைக்குள் போகவில்லை. கால் தாமதமாக எழுந்தது. ஒரு அடி, ஒன்றரை அடி இடைவெளியில் நின்றேன். பின்னால் யாரோ "பாத்து சார்" என்று தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். அதன் பிறகுதான் மிட்டாயைப் போட்டேன். மிட்டாய் பத்து நிமிடத்துக்குத் தாங்கும், அரை மணி தாங்கும். விழுப்புரம், திண்டிவனம், அப்புறம் தாம்பரம் நெரிசல், இருட்டும் நேரம், எதிர் விளக்கு. அந்தச் சிப்ஸ் வாங்கின பெண் மூன்றாவது சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வருகிறாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு.

ஆறு நிமிடம் இருக்கும்போது திரையை விலக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். கொண்டா என்றேன். எதை என்று சப்ளையர் கேட்கவே இல்லை, இலையில் இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினான். கையால் எடுக்கும்போது விரல் நடுங்கி முதல் துண்டு கீழே விழுந்தது. இரண்டாவது துண்டு வாய்க்குப் போனது. நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆங்காரமாக வந்தது, நாற்பத்தைந்து நாளைக்குப் பிறகு அது அவ்வளவு நன்றாக இருந்தது, சால்னா தொண்டையில் இறங்க இறங்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிடிக்காமல் தின்றேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி வைக்கவில்லையே. கழிவறை எங்கே என்று தேடிக்கொண்டு ஒரு பயணி திரையை விலக்கினார், சட்டைப் பையில் பேனா குத்திய மனுஷன், என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். வெளியே போய்ச் சத்தமாகவே சொன்னார், "பாருங்க, நம்மகிட்டப் புடுங்கிட்டு இவனுங்க உள்ள ஓசியில மூக்குப் புடிக்கத் திங்கறானுங்க." எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்து, அய்யா, உமக்காகத்தான்யா தின்கிறேன் என்று கத்தலாமா என்று தோன்றியது. கத்தினால் நம்புவாரா? நானாக இருந்தால் நம்புவேனா? நாளைக்கு டாக்டரும் நம்ப மாட்டார். நாற்பத்தைந்து நாளும் இப்படித்தான் தின்றிருப்பான் என்று எழுதுவார். எழுதட்டும். இரண்டாவது பரோட்டாவையும் முடித்தேன், இலையை வழித்தேன். மிச்சம் வைத்துவிட்டுப் போவது இனிமேல் யாரை ஏமாற்ற?

கை கழுவிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தேன். நடுக்கம் கொஞ்சம் இருந்தது, நிற்க நிற்கக் குறைந்தது. எபினேசர் டிரிப் ஷீட்டில் சீல் வாங்கிக்கொண்டு வந்தான், என் வாயோரம் இருந்த சால்னாவைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். "என்னண்ணே இப்புடிப் பண்ணிட்டீக. அக்காவுக்கு என்ன பதில் சொல்லுவீக? நாளைக்கு வண்டிய வாங்கிருவாங்கண்ணே." "வாங்கட்டும்டா. நாளைக்குத்தான வாங்குவாங்க. இன்னைக்கு இத்தன பேரு என்னய நம்பி ஏறிருக்காங்க" என்றேன். ஐந்து நிமிடம் கழித்து எடுக்கிறேன், நடுக்கம் முழுக்க நிற்கட்டும், லேட் ஆனால் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சட்டையில் பேனா குத்தியவர் ஏறும்போது முறைத்துக்கொண்டே போனார். எல்லோரும் ஏறின பிறகு எபினேசர் தலைகளை எண்ணினான், ஐம்பத்திரண்டு சரியாக இருந்தது. பின்னால் அதற்குள் இரண்டு பேர் சாய்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு தடவை கையைப் பார்த்தேன், நடுக்கம் நின்றிருந்தது. விசில் கேட்டது, வண்டியை எடுத்தேன்.